யாருக்கு எந்தச் சாவி: ஆலை, கடை, அலுவலக மென்பொருளில் பயனர் அனுமதிகளை அமைக்க முழுமையான வழிகாட்டி

சம்பா அறுவடை மும்முரமாக இருந்த ஒரு தை மாதம். மன்னார்குடிப் பக்கம் ஒரு நெல் அரவை ஆலையிலிருந்து காலை ஆறரைக்கு போன். விவசாயி கையில் இருந்த எடைச் சீட்டின் கார்பன் நகலில் 9,440 கிலோ. கணினியில் 9,240. இடையில் 200 கிலோ, 40 கிலோ சிப்பமாகப் பார்த்தால் ஐந்து சிப்பம் நெல், காணோம். யார் திருத்தியது என்று மென்பொருளைத் திறந்து பார்த்தேன். ‘அட்மின்’ என்றது. அந்த ஆலையில் அட்மின் என்பது ஆறு பேர்.

யாரும் திருடவில்லை. இரவு ஷிப்ட்டில் இருந்த பையன், கரண்ட் போய் வந்த பிறகு விட்டுப்போன சீட்டை மறுபடி அடித்திருக்கிறான். நெல்லோடு லாரி 14,620. காலி வண்டி 5,180 என்பதை 5,380 என்று போட்டுவிட்டான். அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் ஆறு பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த மென்பொருளைப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். “எல்லாம் நம்ம பசங்கதான் தம்பி, ஆளுக்கொரு பாஸ்வேர்டு எதுக்கு?” என்று முதலாளி கேட்டபோது சரி என்று தலையாட்டியவனும் நான்தான். அதற்குப் பிறகு கும்பகோணம், நீடாமங்கலம், பட்டுக்கோட்டை என்று நான் போகிற இடத்திலெல்லாம் இந்த வேலையை எப்படிச் செய்கிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன். உதாரணம் அரிசி ஆலையாக இருக்கும். உரக்கடை, தேங்காய் மண்டி, பாத்திரப் பட்டறை வைத்திருப்பவர்கள் பெயர்களை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

டெம்ப்ளேட் என்றால் என்ன

பயனர் என்பது ஓர் ஆள். அனுமதி என்பது அந்த ஆள் செய்யக்கூடிய ஒரு செயல்: சீட்டுப் போடுவது, விலையைத் திருத்துவது, அறிக்கையைப் பார்ப்பது. ஒரு வேலைக்குத் தேவையான அனுமதிகளை மொத்தமாகக் கட்டி ஒரு பெயர் வைத்தால் அது டெம்ப்ளேட். ‘எடைமேடை’, ‘கணக்கு’, ‘குடோன்’ என்று வேலையின் பெயரில் இருக்க வேண்டும். ‘செல்வம்’, ‘செல்வம் புதுசு’ என்று ஆளின் பெயரில் இருந்தால் அது டெம்ப்ளேட் இல்லை, பழைய குப்பை.

அனுமதியை ஆளுக்கு நேராகக் கொடுக்காமல் வேலைக்குக் கொடுத்து, அந்த வேலையில் ஆளை உட்கார வைப்பது என்ற இந்த முறையை 1992-ல் தொழில்நுட்பத் தரநிலைகளை வகுக்கும் அமெரிக்க அரசு நிறுவனமான என்ஐஎஸ்டி-யைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் குன்னும் ஒழுங்காக வரையறுத்து எழுதினார்கள். இன்று கணக்கு மென்பொருளான டேலி பிரைமில் ‘யூசர் ரோல்’ என்றும், கணக்கு, சரக்கு, விற்பனை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் மென்பொருளான இஆர்பி நெக்ஸ்ட்டில் ‘ரோல்’, ‘ரோல் ப்ரொஃபைல்’ என்றும் இருப்பதெல்லாம் அதே சங்கதிதான்.

வாங்கும் முன்பே மென்பொருள் விற்பவரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. டெம்ப்ளேட்டைப் பின்னால் மாற்றினால், ஏற்கெனவே அதில் இருக்கிற பயனர்களுக்கும் மாறுமா? சில மென்பொருளில் டெம்ப்ளேட் என்பது நாற்றங்கால் மாதிரி. பிடுங்கி நட்டாயிற்று என்றால் அப்புறம் நாற்றங்காலுக்கு உரம் போட்டு நட்ட வயலுக்கு ஒரு பலனும் இல்லை. புதுப் பயனரை உருவாக்கும்போது மட்டும் அதை நகலெடுக்கும், பிறகு தொடர்பு அறுந்துவிடும். இன்னும் சிலவற்றில் அது வாய்க்கால் மாதிரி. தலைமதகில் திறந்தால் கடைமடை வரை போகும். டேலியில் ரோலை மாற்றினால் அந்த ரோலில் இருக்கிற எல்லாருக்கும் மாறும். இஆர்பி நெக்ஸ்ட்டின் ரோல் ப்ரொஃபைலும் அப்படியே. உங்களுடையது நாற்றங்கால் வகை என்றால், டெம்ப்ளேட்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் பயனர்களை ஒவ்வொருவராகத் திறந்து மறுபடி பூச வேண்டியிருக்கும். இது தெரியாமல் ‘மாற்றிவிட்டேனே’ என்று நிம்மதியாக இருந்தவர்கள் நிறையப் பேர்.

கணினியை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள்

முதல் நாள் மென்பொருளைத் தொட வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். வாசலில் ஒரு நெல் லாரி வரும்போது அதன் பின்னாலேயே போங்கள்.

வாசலில் காவலாளி வண்டி எண்ணை எழுதுகிறார். எடைமேடையில் முதல் எடை. தரம் பார்ப்பவர் மூட்டையில் குத்தூசியைச் செருகி நெல்லை எடுத்து ஈரப்பதமானியில் போடுகிறார். அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம் என்பது பொதுவான வரம்பு. தனியார் ஆலையில் அதற்கு மேலே போனால் எவ்வளவு கழிப்பது என்பது பேச்சுவார்த்தை. அந்தப் பேச்சை முடித்து விலை சொல்பவர் மேனேஜர். நெல் குடோனில் இறங்குகிறது. காலி வண்டி மறுபடி எடைமேடைக்கு வருகிறது. கணக்குப்பிள்ளை பில் போடுகிறார். பணம் முதலாளி கையிலிருந்தோ வங்கியிலிருந்தோ போகிறது. அப்புறம் அவியல், உலர்த்தல், அரவை, அரிசி, குருணை, தவிடு, உமி என்று தனிக்கதை.

ஒவ்வோர் இடத்திலும் மூன்றே கேள்வி கேளுங்கள். இங்கே யார் எழுதுகிறார்? தப்பாகிவிட்டால் யார் திருத்துகிறார்? இதை வேறு யாரெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது? வேலை செய்பவரிடமே கேளுங்கள். முதலாளியிடம் கேட்டால் ஆலை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்வார். கங்காணியிடம் கேட்டால் எப்படி நடக்கிறது என்று தெரியும். ஓர் ஆலையில், ஈரப்பத எண்ணைக் கணினியில் ஏற்றுவது தரம் பார்ப்பவர் என்றுதான் முதலாளி நினைத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தட்டச்சு வராது. எண்ணை உரக்கக் கத்துவார், எடைமேடைப் பையன் அடிப்பான். லாரி இன்ஜின் சத்தத்தில் பதினேழு எது, பத்தொன்பது எது?

இரவு ஷிப்ட்டையும் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். பகலில் நான்கு பேர் செய்கிற வேலையை இரவில் ஒருவர் செய்வார். டெம்ப்ளேட் உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

‘அனுமதி’ என்பது ஒன்றல்ல, ஏழெட்டு

இதைச் சரியாகப் பிரிக்காமல்தான் பலரும் ‘எல்லாம் கொடு, இல்லாவிட்டால் எதுவும் கொடுக்காதே’ என்று முடிக்கிறார்கள். ஒரு சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்க்கலாம், புதிதாகப் போடலாம், திருத்தலாம், உறுதி செய்யலாம், ரத்து செய்யலாம், அழிக்கலாம், பிரிண்ட் எடுக்கலாம், எக்செல்லாக வெளியே எடுத்துக்கொண்டு போகலாம். இவை ஒவ்வொன்றும் தனி அனுமதி.

ரத்துக்கும் அழிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை ஆட்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். ரத்து என்றால் சீட்டு எண் 1187 அப்படியே இருக்கும், மேலே கோடு போட்டிருக்கும். அழித்தால் 1186-க்கு அடுத்து 1188 நிற்கும். என் ஆலோசனை: அழிக்கும் அனுமதி ஒரு டெம்ப்ளேட்டிலும் வேண்டாம், முதலாளியுடையதில் கூட. இஆர்பி நெக்ஸ்ட்டில் உறுதி செய்த ஆவணத்தை நேரடியாக அழிக்க முடியாது, முதலில் ரத்து செய்தாக வேண்டும். இது எரிச்சலாக இருக்கிறது என்று புகார் சொல்பவர்கள் உண்டு. அந்த எரிச்சல் நல்லது.

பலரும் கவனிக்காமல் விடுவது ஏற்றுமதி. கிராம வாரியாக விவசாயிகளின் பட்டியல், போன் எண், வங்கிக் கணக்கு, போன வருடம் எவ்வளவு நெல் போட்டார் என்ற விவரம், இதுதான் ஓர் ஆலையின் உண்மையான சொத்து. திரையில் ஒவ்வொருவராகப் பார்க்க முடிகிறவர் எல்லாரும் அதை ஒரே பொத்தானில் எக்செல்லாக இறக்கிக்கொள்ள வேண்டிய அவசியம் கிடையாது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த விவரங்களைக் காக்கும் பொறுப்பை வைத்திருப்பவர் தலையில்தான் சுமத்துகிறது.

ஒரு டெம்ப்ளேட்டை முழுதாக எழுதிப் பார்ப்போம்

நான் காகிதத்தில் இப்படித்தான் எழுதுவேன்.

எடைமேடை
செய்யலாம்: புதிய எடைச் சீட்டு, காலி வண்டி எடையைச் சேர்ப்பது, சீட்டுப் பிரிண்ட், ஒரு தடவை.
பார்க்கலாம்: தன் ஷிப்ட்டில் போட்ட சீட்டுகள், விவசாயி பெயர், ஊர்.
முடியாது: இரண்டாவது எடை ஏறிய பின் எதையும் திருத்துவது, விலை பார்ப்பது, வங்கி விவரம் பார்ப்பது, புதிய விவசாயியைப் பதிவு செய்வது, ஏற்றுமதி.
எல்லை: இந்த எடைமேடை மட்டும், இன்றைய தேதி மட்டும்.
தப்பானால்: காரணம் எழுதி மேனேஜருக்கு அனுப்ப வேண்டும், அவர் ரத்து செய்து புதுச் சீட்டுக்கு வழிவிடுவார்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். தப்பானால் என்ன செய்வது என்பதற்கு வழி இல்லாத டெம்ப்ளேட்டை ஆட்கள் நான்கே நாளில் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மேனேஜரின் பாஸ்வேர்டு மானிட்டருக்குக் கீழே ஒட்டப்பட்டிருக்கும்.

‘பிரிண்ட் ஒரு தடவை’ என்றால் இரண்டாவது தடவை எடுக்கும்போது சீட்டில் ‘நகல்’ என்று விழ வேண்டும். எடைக் கருவியிலிருந்து எண் நேராகக் கணினிக்கு வருகிற இணைப்பு இருந்தால், கையால் அடிக்கும் வசதியை இந்த டெம்ப்ளேட்டில் அடைத்துவிடுங்கள். இணைப்பு பழுதாகும் நாளுக்கு மேனேஜர் திறந்துவிடட்டும். மேலே சொன்ன 200 கிலோ சமாச்சாரம் அன்றைக்கே தடுக்கப்பட்டிருக்கும்.

இதே மாதிரி தரம், குடோன், கொள்முதல் மேனேஜர், அரவை, விற்பனை, கணக்கு என்று எழுதினால் ஒரு நடுத்தர ஆலைக்கு ஏழு வரும். தணிக்கையாளருக்குப் பார்க்க மட்டும் ஒன்று. பன்னிரண்டைத் தாண்டினால் நீங்கள் மறுபடியும் ஆளுக்கு ஆள் டெம்ப்ளேட் எழுத ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஒரே கையில் சேரக்கூடாதவை

எடை போடுபவர் விலை சொல்லக் கூடாது. விலை சொல்பவர் பணம் கொடுக்கக் கூடாது. புது விவசாயியையோ தரகரையோ பதிவு செய்பவர் அவருக்குப் பட்டுவாடா செய்யக் கூடாது. இல்லாத ஊரில் இல்லாத பேரில் ஒரு கணக்கைத் திறந்து, அதற்கு நெல் வந்ததாக எழுதி, அதற்கே பணம் அனுப்புவதுதான் இந்தத் தொழிலில் பழைய தந்திரம். மூன்றும் மூன்று டெம்ப்ளேட்டில் இருந்தால் மூன்று பேர் கூட்டுச் சேர வேண்டியிருக்கும்.

சின்ன இடத்தில் ஆள் போதாதே என்பீர்கள். சரிதான். நான்கே பேர் இருக்கும் உரக்கடையில் எல்லாவற்றையும் பிரிக்க முடியாது. அங்கே வங்கிக் கணக்கு எண்ணை மாற்றும் அனுமதியை மட்டுமாவது முதலாளியிடம் வையுங்கள். மற்றதை, யார் எதை எப்போது மாற்றினார் என்று மென்பொருள் எழுதிவைக்கும் பதிவேட்டை வாரம் ஒருமுறை பார்த்துச் சமாளிக்கலாம்.

அரவை விகிதம் இன்னொரு விஷயம். அரசுக்கு நெல் அரைத்துக் கொடுக்கும் ஆலை 100 கிலோ நெல்லுக்குப் பச்சரிசி என்றால் 67 கிலோ, புழுங்கல் என்றால் 68 கிலோ கொடுக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் தன் சொந்த நெல்லில் ஒருவருக்கு எவ்வளவு இறங்குகிறது என்பது அவருடைய தொழில் ரகசியம். உள்ளே போன நெல்லையும் வெளியே வந்த அரிசியையும் ஒரே ஆள் பார்த்தால் வகுத்தல் போட அவருக்கு ஒரு நிமிஷம் போதும். அதனால் அரவை டெம்ப்ளேட்டுக்கு அன்றைய நெல்லை மட்டும் காட்டி, மொத்த அறிக்கையை முதலாளிக்கு வைப்பேன். ‘பார்ப்பதில் என்ன வந்துவிடப் போகிறது’ என்று இளக்காரமாக விடுகிற அனுமதிகளில்தான் இப்படி விஷயம் ஒளிந்திருக்கும்.

பொருள் பட்டியலைத் திருத்தும் அனுமதியும் இந்த ரகம். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. உடனே கடைகளில் 26 கிலோ மூட்டை முளைத்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பில் போடும் பெண், அவசரத்துக்கு 25 கிலோப் பொருளை நகலெடுத்து 26 கிலோ என்று பெயர் மாற்றினால், வரி விகிதம் பழையதாகவே ஒட்டிக்கொண்டு வரும். தலைகீழாகச் செய்தால் வரி போடாமல் சரக்கு போயிருக்கும். வருடக் கடைசியில் ஆடிட்டர் கேட்கும்போதுதான் தெரியும். பொருள் உருவாக்குவது கணக்கு டெம்ப்ளேட்டில் மட்டும் இருக்கட்டும். பில் போடுபவருக்குத் தேர்ந்தெடுக்க மட்டும்.

எல்லைகள்: இடம், நாள், தொகை

ஒரே டெம்ப்ளேட்டை இரண்டு குடோன் ஆட்களுக்குக் கொடுக்கலாம். ஆனால் பாபநாசம் குடோன் ஆள் பாபநாசத்தை மட்டும் பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு டெம்ப்ளேட் எழுதாதீர்கள். டெம்ப்ளேட் ஒன்றே, இடம் என்பது ஆளுக்கு மேலே போடுகிற வேலி.

நாளுக்கு எல்லை வைப்பது அதைவிட முக்கியம். பின்தேதியிட்ட பதிவுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். எடைமேடைக்கு 0 நாள், பில் போடுபவருக்கு 1 நாள், கணக்குக்கு 7 நாள் என்று தொடங்குங்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்ட மாதத்தை எல்லாருக்கும் பூட்டிவிடுங்கள். தொகை எல்லை உங்கள் வியாபாரத்தைப் பொறுத்தது, அதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மென்பொருளுக்குள் போவோம்

டேலி பிரைமில் ஆல்ட்டும் கே-யும் சேர்த்து அழுத்தினால் கம்பெனி மெனு வரும். முதலில் பயனர் கட்டுப்பாட்டை இயக்க வேண்டும். அப்போது கேட்கும் நிர்வாகி பெயரும் பாஸ்வேர்டும்தான் வீட்டுத் தலைச்சாவி. காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, முதலாளியின் பீரோவில் வையுங்கள். தொலைத்தால் மீட்பது லேசான காரியமில்லை. பிறகு ‘யூசர் ரோல்’ போய்ப் புதிய ரோலை உருவாக்குங்கள். ஏற்கெனவே இருக்கும் ‘டேட்டா என்ட்ரி’யை அடிப்படையாக வைத்து, எதெதற்குத் தடை, எதெதற்கு அனுமதி என்று இரண்டு பட்டியல் நிரப்பலாம். பின்தேதி வவுச்சருக்கு எத்தனை நாள் என்ற கேள்வியும் அதே திரையில் வரும். நாம் முடிவு செய்த நாள் எல்லை அங்கேதான் போகும். ரோல்கள் தயாரான பிறகு ‘யூசர்ஸ் அண்ட் பாஸ்வேர்ட்ஸ்’ பக்கத்தில் ஆட்களைச் சேருங்கள்.

இஆர்பி நெக்ஸ்ட்டில் இன்னும் நுணுக்கமாகச் செய்யலாம், அதனாலேயே சிக்கிக்கொள்ளவும் செய்யலாம். ரோல் ஒவ்வொன்றுக்கும் எந்த ஆவணத்தில் என்ன செய்யலாம் என்று ‘ரோல் பெர்மிஷன் மேனேஜர்’ திரையில் டிக் போடுங்கள். பல ரோல்களைக் கட்டி ஒரு ரோல் ப்ரொஃபைல் செய்து அதைப் பயனருக்குக் கொடுங்கள். ஒரு பயனருக்கு இரண்டு ரோல் இருந்தால் அனுமதிகள் கூடும், குறையாது. ஏற்கெனவே திருத்தும் ரோல் வைத்திருப்பவருக்கு ‘பார்க்க மட்டும்’ ரோலைச் சேர்த்தால் அவர் தொடர்ந்து திருத்திக்கொண்டேதான் இருப்பார். நான் இதில் ஒரு முழு மதியத்தைத் தொலைத்திருக்கிறேன். குறைக்க வேண்டுமானால் ரோலைப் பிடுங்க வேண்டும்.

குடோன் வேலிக்கு அங்கே ‘யூசர் பெர்மிஷன்’ இருக்கிறது. அதில் ஒரு பொறி: குடோன் பெயர் நிரப்பாமல் விட்ட ஆவணங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரியக் கூடாது என்றால் அமைப்புகளில் கண்டிப்பான யூசர் பெர்மிஷனை இயக்க வேண்டும். வங்கி எண், விலை போன்ற தனிக் கட்டங்களை மட்டும் மறைக்க அனுமதி நிலை எண்கள் உண்டு; அந்தக் கட்டத்துக்கு 1 என்று கொடுத்து, 1-ஆம் நிலை அனுமதியைக் கணக்கு ரோலுக்கு மட்டும் தாருங்கள்.

கூகுள் ஷீட்டிலேயே ஆலை நடத்துபவர்களும் இருக்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ‘இணைப்பு உள்ள எவரும்’ என்ற பகிர்வை மூடுங்கள். சூத்திரம் இருக்கும் கட்டங்களுக்குப் பாதுகாப்புப் போடுங்கள். தாளை மறைத்து வைப்பதைப் பூட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அது கதவுக்குத் திரைச்சீலை.

நெட்வொர்க்கில் திறந்து கிடக்கும் டேட்டா ஃபோல்டரையும் பாருங்கள். மென்பொருளுக்குள் பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டுவிட்டு, அந்த ஃபோல்டரை யார் வேண்டுமானாலும் டெலிட் செய்யலாம் என்று விட்டிருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன்.

ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு

இதில் சமரசம் கிடையாது. பெயர் போட்ட பதிவு இருந்தால்தான் தப்பு செய்யாதவர் தப்பிக்க முடியும். ‘உன்னைப் பிடிக்க’ என்று சொல்லாமல் ‘உன் மேல் பழி வராமல் இருக்க’ என்று சொல்லிப் பாருங்கள், மறுப்பு குறையும். லைசென்ஸ் காசை மிச்சம் பிடிக்க ஒரு பெயரில் மூன்று பேர் நுழைவது பழக்கமாக இருந்தால், எடைமேடையையும் கணக்கையும் மட்டுமாவது தனித்தனியாக்குங்கள்.

90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். மாற்றச் சொன்னால் காவேரி1 காவேரி2 ஆகும், அவ்வளவுதான். 2017-லேயே என்ஐஎஸ்டி, காரணமில்லாமல் தவணை முறையில் மாற்றச் சொல்ல வேண்டாம் என்று வழிகாட்டியிருக்கிறது. நீளமாக ஒன்று வைத்துக்கொண்டு, வெளியே கசிந்ததாகச் சந்தேகம் வந்தால் உடனே மாற்றினால் போதும்.

அரசுத் தளங்களில் யாருடைய போன் எண் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில்லுக்குரிய தளத்தில் நிறுவனத்தின் பெயரில் உப பயனர்களை உருவாக்கலாம். பில் உருவாக்க, ஒருங்கிணைந்த பில் போட, நிராகரிக்க என்று தனித்தனியாக அனுமதியும் கொடுக்கலாம். ஆனால் நடைமுறையில் முதலாளியின் லாகின் பில் போடும் பையனிடம் இருக்கும், ஓடிபி முதலாளி போனுக்கு வரும், முதலாளி கல்யாண வீட்டில் இருப்பார், லாரி வாசலில் நிற்கும். உப பயனர் உருவாக்க ஆகும் பத்து நிமிடத்தை ஒதுக்கி இந்தக் கூத்தை முடியுங்கள்.

அவர் பெயரில் நுழைந்து பாருங்கள்

அமைத்து முடித்ததும் ஒவ்வொரு டெம்ப்ளேட்டுக்கும் ஒரு சோதனைப் பயனர் உருவாக்கி, அந்த ஆளாகவே வேலை செய்து பாருங்கள். இரண்டு விதமாகச் சோதிக்க வேண்டும். செய்ய வேண்டியதைச் செய்ய முடிகிறதா என்பது ஒன்று. இதை எல்லாரும் பார்ப்பார்கள். செய்யக் கூடாததைச் செய்ய முடியாமல் தடுக்கிறதா என்பது இன்னொன்று. எடைமேடைப் பெயரில் நுழைந்து நேற்றைய சீட்டைத் திருத்தப் பாருங்கள். அறிக்கை மெனுவில் விலை தெரிகிறதா? தேடல் பெட்டியில் விவசாயி பெயரை அடித்தால் வங்கி எண் எட்டிப் பார்க்கிறதா? திரையில் மறைத்துவிட்டு அறிக்கையில் மறைக்க மறந்த கதை ரொம்ப சகஜம். மொபைல் செயலி இருந்தால் அதிலும் இதே சோதனை.

முதல் வாரம் பழைய முறையும் புது முறையும் சேர்ந்தே ஓடட்டும். அறுவடை உச்சத்தில் இதை ஆரம்பிக்காதீர்கள். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால், குறுவை நெல் வருவதற்கு எப்படியும் புரட்டாசி ஆகிவிடும். நடுவில் இருக்கிற ஆனி, ஆடி மாதங்கள்தான் ஆலைக்காரருக்கு மூச்சுவிட நேரம்.

சீசன் ஆட்களும் போனவர்களும்

டெல்டாவில் ஆலை, குடோன் எல்லாவற்றிலும் சீசனுக்கு மட்டும் வருகிற ஆட்கள் உண்டு. அவர்களுக்குப் பயனர் உருவாக்கும்போதே முடிவுத் தேதி போடுங்கள். மென்பொருளில் அந்த வசதி இல்லையென்றால் போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். போன சம்பாவுக்கு வந்த பையன் இந்தக் குறுவைக்குப் பக்கத்து ஆலையில் இருப்பான். அவன் பெயரும் பாஸ்வேர்டும் இங்கே உயிரோடு இருக்கும்.

ஆள் வேலையை விட்டுப் போகும் அன்று, சம்பளக் கணக்கை முடிக்கும் முன்பே பயனரை முடக்குங்கள். அழிக்காதீர்கள், அழித்தால் அவர் போட்ட பழைய சீட்டுகளில் பெயர் அநாதையாக நிற்கும். முடக்குவது மென்பொருளில் மட்டும் இல்லை: இ-வே பில் உப பயனர், கூகுள் பகிர்வு, வங்கிச் செயலியில் அவர் போட்டுவைத்த பயனாளிகள், ஆலையின் வாட்ஸ்அப் குழு, வைஃபை, எடைமேடை அறைச் சாவி. இந்த வரிசையை அச்சடித்துக் கணக்கு அறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள்.

உள்ளேயே வேலை மாறுபவர்களைத்தான் எல்லாரும் மறப்பார்கள். எடைமேடையிலிருந்து கணக்குக்குப் போனவருக்குப் புது டெம்ப்ளேட்டைச் சேர்ப்பார்கள், பழையதை எடுக்க மாட்டார்கள். மூன்று வருடத்தில் அவர் எல்லாம் செய்யக்கூடியவர் ஆகிவிடுவார். ‘அண்ணனுக்கு இருக்கறதையே எனக்கும் கொடுத்துடுங்க சார்’ என்று புதுப் பையன் கேட்பது இவரைக் காட்டித்தான்.

வருடத்துக்கு இரண்டு தடவை பட்டியலைப் பிரிண்ட் எடுத்து, பெயர் பெயராக முதலாளியோடு உட்காருங்கள். ஒன்றை நான் ஆயுத பூஜை அன்று வைத்துக்கொள்கிறேன். ஆலை ஓடாது, எல்லாரும் வந்திருப்பார்கள், மானிட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருப்பார்கள். ‘இவர் இன்னும் இருக்காரா? இவருக்கு இது எதுக்கு?’ இந்த இரண்டு கேள்வியோடு அரை மணியில் முடிந்துவிடும். இன்னொன்று சம்பா நெல் வரும் முன், மார்கழியில்.

அவசரச் சாவி

மேனேஜர் குலதெய்வக் கோயிலுக்குப் போயிருக்கிறார், போன் எடுக்கவில்லை, ரத்து செய்ய வேண்டிய சீட்டு இருக்கிறது. இதற்கு முன்பே வழி வையுங்கள். ‘அவசரம்’ என்ற பெயரில் ஒரு பயனர், மேனேஜர் டெம்ப்ளேட்டோடு, பாஸ்வேர்டு ஒட்டிய உறைக்குள். உறையைப் பிரிப்பவர் நோட்டில் நேரமும் காரணமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் பாஸ்வேர்டை மாற்றிப் புது உறை. என் அனுபவத்தில், உறையைப் பிரித்தால் எழுத வேண்டும் என்பதாலேயே பாதி அவசரங்கள் காலை வரை காத்திருக்கும்.

பதிவேட்டைப் படிப்பது

கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் 2023 ஏப்ரல் 1 முதல், மாற்றங்களைத் தடம் வைக்கும், அந்தத் தடத்தை அணைக்க முடியாத கணக்கு மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். தனிநபர் உரிமை, கூட்டாண்மை ஆலைகளை இந்த விதி கட்டுப்படுத்தாது. இருந்தாலும் வசதி இருந்தால் இயக்கி வையுங்கள்.

எல்லா வரியையும் படிக்க யாராலும் முடியாது. சனிக்கிழமை சாயந்திரம் நான்கு விஷயத்தை மட்டும் வடிகட்டிப் பார்க்கச் சொல்கிறேன்: ரத்தான சீட்டுகள், மாற்றப்பட்ட வங்கி எண்கள், பின்தேதிப் பதிவுகள், இரவு 10 முதல் காலை 5 வரை நடந்த திருத்தங்கள். மன்னார்குடி ஆலையில் இப்போது முதலாளியே அதைப் பார்க்கிறார். போன சம்பாவில் ஒரு நாள் கூப்பிட்டார்: “தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு சீட்டு ரத்தாயிருக்கு. பேரு இருக்கு, காரணமும் எழுதியிருக்கான். ‘மாடு எடைமேடை மேல நின்னுச்சு’ன்னு.” காமிராவில் பார்த்தோம். நின்றிருந்தது.